கெட்ட செய்தி மேலே போகும் வழி: நிறுவனப் பண்பாடும் வணிக மேலாண்மையும் – பிரீமாண்ட் கார் ஆலையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

நிறுவனப் பண்பாட்டை ஊழியர்களின் மனப்பாங்காகவோ, நிர்வாகம் அறிவிக்கும் விழுமியங்களின் தொகுப்பாகவோ கொள்வது மேலாண்மைத் துறையில் பரவலான வழக்கம். அவ்விரண்டும் போதா என்று இக்கட்டுரை வாதிடுகிறது. தவறு நேர்ந்த செய்தி கீழிருந்து மேலே செல்லும்போது அதைச் சொன்னவருக்கு என்ன நேர்கிறது என்பதே ஒரு நிறுவனத்தின் பண்பாட்டை நிர்ணயிக்கிறது. அந்த எதிர்வினையை வடிவமைப்பவர் மேலாளர். ஆகவே பண்பாடு மேலாண்மைக்கு அணி சேர்க்கும் துணைப்பொருள் அன்று. அதன் மையப் பொறுப்பு. கலிபோர்னியாவின் பிரீமாண்ட் ஆலையில் 1984க்கு முன்னும் பின்னும் நடந்தவை, ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் சுவிட்ச் விவகாரம், டொயோட்டா நிறுவனமே சறுக்கிய தருணங்கள் ஆகியவை இதற்குச் சான்றுகளாக ஆராயப்படுகின்றன.

1. முன்னுரை

நிறுவனப் பண்பாடு பற்றிய முன்னோடி ஆய்வுகளில் ஒன்று ஓர் ஆலையில் நிகழ்ந்தது. லண்டனில் இயங்கிய கிளேசியர் மெட்டல் நிறுவனத்தை ஆராய்ந்த எலியட் ஜாக்ஸ் 1951இல் தம் நூலை வெளியிட்டார். ஓர் ஆலையில் வழக்கமாகிவிட்ட சிந்தனை முறையும் செயல் முறையுமே அதன் பண்பாடு என்றும், புதிதாகச் சேர்பவர் அதைக் கற்றுக்கொண்டு ஓரளவேனும் ஏற்றாக வேண்டும் என்றும் அவர் விளக்கினார். 1979இல் ஆண்ட்ரூ பெட்டிக்ரூ எழுதிய கட்டுரை இக்கருத்தைக் கல்வித்துறையில் நிலைநிறுத்தியது. ஆனால் மேலாளர்கள் இதைத் தங்கள் கவலையாக ஏற்றது 1980களின் தொடக்கத்தில்தான். ஜப்பானியக் கார்களும் மின்னணுப் பொருள்களும் அமெரிக்கச் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. வில்லியம் ஊச்சியின் நூல் 1981இலும், டீல்–கென்னடி, பீட்டர்ஸ்–வாட்டர்மன் ஆகியோரின் நூல்கள் 1982இலும் வந்தன. வலுவான பண்பாடு இருந்தால் வெற்றி தொடரும் என்பதே இவற்றின் பொதுவான செய்தி.

எட்கர் ஷைன் 1985இல் இதற்கு ஒரு தெளிவான கட்டமைப்பைத் தந்தார். கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள், வெளிப்படையாக அறிவிக்கப்படும் விழுமியங்கள், யாரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட அடிப்படை அனுமானங்கள் என்று பண்பாட்டை மூன்று அடுக்குகளாகப் பிரித்தார். மூன்றாவது அடுக்குதான் மற்ற இரண்டையும் இயக்குகிறது என்பது அவர் முடிவு. மேலாண்மை நடைமுறையோ பெரும்பாலும் இரண்டாவது அடுக்கிலேயே நின்றுவிடுகிறது. விழுமியங்களை எழுதிச் சுவரில் மாட்டுவது, பயிற்சி வகுப்பு நடத்துவது, விருது வழங்குவது ஆகியவையே பண்பாட்டுப் பணி என்று கருதப்படுகின்றன.

அது எவ்வளவு ஆபத்தானது என்பதை வெல்ஸ் பார்கோ வங்கி காட்டியது. வாடிக்கையாளர் நலனே முதன்மை என்று வலியுறுத்தும் கையேட்டை அந்த வங்கி பெருமையோடு வெளியிட்டு வந்தது. அதே வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுக் கணக்குகள் அல்லது சேவைகளை விற்க வேண்டும் என்ற இலக்கைத் தன் கிளைகள்மீது சுமத்தியது. வாடிக்கையாளருக்குத் தெரியாமலே இலட்சக்கணக்கான கணக்குகள் திறக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டபோது, இதற்காகச் சுமார் 5,300 ஊழியர்கள் ஏற்கெனவே வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தது தெரியவந்தது. இத்தனை பேரும் தனித்தனியே கெட்டவர்கள் என்று கொள்ள இயலாது. இலக்கை எட்ட முடியவில்லை என்ற செய்தியைச் சொன்னவருக்கு அங்கே இடமில்லை. அதுவே அவ்வங்கியின் மெய்யான பண்பாடு.

இதிலிருந்து எழும் கேள்வி இதுதான்: ஒரு நிறுவனத்தின் அடிப்படை அனுமானங்களை எங்கே பார்க்கலாம், எதைக் கொண்டு மாற்றலாம்? இதற்கு விடை தேட பிரீமாண்டைவிடப் பொருத்தமான களம் அரிது. அங்கே பெரும்பாலும் அதே ஆட்கள், அதே கட்டடம், அதே தொழிற்சங்கம். மேலாண்மை மட்டுமே மாறியது.

2. ஒரே ஆட்கள், இரண்டு ஆலைகள்

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவை ஒட்டிய பிரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் 1960களில் அமைத்த ஆலை, அந்நிறுவனத்தின் மிக மோசமான ஆலைகளில் ஒன்று என்று பெயரெடுத்தது. பணிக்கு வராதோர் விகிதம் பல நாள்களில் 20 விழுக்காட்டைத் தாண்டியது. திங்கட்கிழமை காலையில் லைனை ஓட்ட ஆள் தேட வேண்டியிருந்தது. முன்னறிவிப்பில்லாத வேலைநிறுத்தங்கள், ஆயிரக்கணக்கில் தேங்கிய புகார்கள், ஆலைக்குள்ளேயே குடி, வேண்டுமென்றே செய்யப்பட்ட சேதங்கள் என எல்லாம் இருந்தன. 1982இல் நிர்வாகம் ஆலையை மூடியது.

அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் ஒரு கூட்டு முயற்சிக்கு ஒப்புக்கொண்டன. சிறிய கார்களை இலாபத்தோடு தயாரிப்பது எப்படி என்று அறிய அமெரிக்க நிறுவனம் விரும்பியது. அமெரிக்க மண்ணில், அமெரிக்கத் தொழிலாளரைக் கொண்டு தன் உற்பத்தி முறை நடக்குமா என்று பார்க்க டொயோட்டா விரும்பியது. நும்மி என்று சுருக்கமாக வழங்கப்பட்ட இந்தக் கூட்டு நிறுவனம் மூடிக்கிடந்த பிரீமாண்ட் ஆலையை எடுத்துக்கொண்டது. அன்றாட நிர்வாகம் டொயோட்டாவின் கையில் இருந்தது. ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கம் அங்கீகரிக்கப்பட்டது. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் பழைய ஆலையில் பணிபுரிந்தவர்கள். 1984 டிசம்பரில் முதல் கார் வெளிவந்தது.

அடுத்து நடந்தது மேலாண்மை வரலாற்றில் நன்கு பதிவாகியுள்ளது. ஆலையை நேரில் ஆராய்ந்த பால் ஆட்லர், பணிக்கு வராதோர் விகிதம் 3 முதல் 4 விழுக்காட்டுக்கு இறங்கி அங்கேயே நிலைத்ததைக் குறிப்பிடுகிறார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட நூலின்படி, ஒரு காரைத் தொகுத்து முடிக்க ஜெனரல் மோட்டார்ஸின் பிராமிங்ஹாம் ஆலைக்கு 31 மணி நேரம் ஆனது. டொயோட்டாவின் தக்கஒக்கா ஆலைக்கு 16 மணி நேரம், நும்மிக்கு 19. நூறு கார்களுக்கு 45 குறைபாடுகள் என்ற அளவில் நும்மி, தக்கஒக்காவுக்கு இணையாக நின்றது. பிராமிங்ஹாமின் குறைபாடுகள் அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு.

இந்த மாற்றத்துக்கு ஊழியர்களின் மனப்பாங்கைக் காரணம் காட்ட முடியாது. மனப்பாங்குதான் காரணம் என்றால் அதே மனிதர்கள் அதே சீர்கேட்டையே மீண்டும் கொண்டுவந்திருப்பார்கள். புதிய விழுமிய அறிக்கையையும் காரணம் காட்ட முடியாது; அறிக்கைகள் பழைய நிர்வாகத்திடமும் இருந்தன. காரணத்தை வேலையின் அன்றாட ஒழுங்கில்தான் தேட வேண்டும்.

3. கயிறு

பழைய பிரீமாண்டில் எழுதப்படாத ஒரு விதி எல்லோருக்கும் தெரியும்: லைன் நிற்கக் கூடாது. போல்ட் சரியாக ஏறவில்லை என்று கண்டாலும் காரை விட்டுவிட வேண்டும். கடைசியில் யாராவது பார்த்துக்கொள்வார்கள். அன்றைய எண்ணிக்கை குறைந்தால் மேற்பார்வையாளர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எண்ணிக்கை நிறைந்து கார் பழுதோடு போனால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எனவே தவறைக் கண்டவர் வாயை மூடிக்கொள்வதே புத்திசாலித்தனம் என்று ஆலை ஒவ்வொரு நாளும் கற்பித்தது.

நும்மியில் ஒவ்வொரு பணியிடத்தின் மேலும் ஒரு கயிறு தொங்கியது. டொயோட்டா மொழியில் அது அண்டோன் கயிறு. அதன் இயக்கத்தை உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு தொழிலாளிக்கு ஒதுக்கப்பட்ட நேரம் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல் என்று கொள்வோம். கதவின் ரப்பர் பட்டை சரியாக அமரவில்லை. அவர் கயிற்றை இழுக்கிறார். லைன் உடனே நின்றுவிடுவதில்லை. இசை ஒலிக்கிறது, விளக்குப் பலகையில் அவர் இடத்தின் எண் எரிகிறது, குழுத் தலைவர் அவரிடம் விரைகிறார். கார் அந்தப் பணியிடத்தின் எல்லைக் கோட்டை அடைவதற்குள் இருவரும் சேர்ந்து சரிசெய்துவிட்டால், மறுபடி கயிற்றை இழுத்து எச்சரிக்கையை நீக்கிவிடலாம். முடியவில்லை என்றால்தான் லைன் அந்தக் கோட்டில் நிற்கும்.

இங்கே முக்கியமானது கயிறு அன்று. கயிற்றை இழுத்தபின் வரும் ஆளும், அவர் கேட்கும் கேள்வியுமே முக்கியம். “ஏன் இழுத்தாய்?” என்று அதட்டுபவர் வந்தால் அடுத்த முறை அந்தக் கை மேலே போகாது. “எங்கே சிக்கல்?” என்று கேட்டுக் கூடவே குனிந்து பார்ப்பவர் வந்தால், தவறைச் சொல்வது பாதுகாப்பானது மட்டுமன்று, பயனுள்ளது என்பதையும் அந்தத் தொழிலாளி கற்றுக்கொள்கிறார். இதற்காகவே நும்மி சுமார் 450 குழுத் தலைவர்களையும் பிரிவுத் தலைவர்களையும் ஜப்பானுக்கு அனுப்பித் தக்கஒக்கா ஆலையில் வேலை செய்யவைத்தது. அவர்கள் அங்கே சொற்பொழிவு கேட்கவில்லை. தடுமாறும்போது உதவி ஓடி வருவது எப்படி இருக்கும் என்பதைத் தங்கள் உடம்பாலேயே அறிந்து திரும்பினார்கள்.

அந்தப் பயிற்சிகளில் பங்காற்றிய ஜான் ஷுக், 2010இல் எழுதிய கட்டுரையில் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வருகிறார்: மனிதரின் எண்ணத்தை மாற்றிச் செயலை மாற்றுவதைவிட, செயலை மாற்றி எண்ணத்தை மாற்றுவதே எளிது. ஷைனின் மூன்றாவது அடுக்கை நேரடியாகத் தொட முடியாது. ஆனால் தினமும் நூறு முறை நிகழும் ஒரு செயலை மாற்றினால் அந்த அடுக்கும் தானே நகர்கிறது.

இந்தச் செயலுக்குப் பின்னால் ஓர் உத்தரவாதமும் இருந்தது. ஆட்குறைப்புக்கு முன், வெளியே கொடுத்த வேலைகளை உள்ளே கொண்டுவருவோம், உயர் அதிகாரிகளின் சம்பளத்தைக் குறைப்போம் என்று நிர்வாகம் தொழிற்சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தது. 1988இல் விற்பனை சரிந்து ஆலையின் திறனில் 60 விழுக்காடுகூடப் பயன்படாத நிலை வந்தபோது, ஒருவரும் வெளியே அனுப்பப்படவில்லை. தொழிலாளர்கள் பயிற்சிக்கும் கைசன் எனப்படும் மேம்பாட்டுப் பணிகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். தன் யோசனையால் வேலை எளிதானால் தன் வேலையே போய்விடும் என்று அஞ்சுகிறவர் யோசனை சொல்லமாட்டார். ஒப்பந்தத்தின் அந்த ஒரு பிரிவு, எத்தனை பயிற்சி வகுப்பு நடத்தினாலும் உருவாக்க முடியாத நம்பிக்கையை உருவாக்கியது.

4. மூன்று மறுப்புகள்

இந்த விளக்கத்துக்கு மூன்று வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது: ஆலை மூடப்பட்டு இரண்டு ஆண்டுகள் வேலையின்றித் தவித்தவர்கள் பயத்தால் ஒழுங்காக உழைத்தார்கள், இதில் பண்பாடு என்ன இருக்கிறது? இதற்கு விடை லாஸ் ஏஞ்சலஸின் வான் நைஸ் பகுதியில் கிடைக்கிறது. அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையும் 1980களில் மூடப்படும் அச்சத்திலேயே இயங்கியது. நும்மியைப் பார்த்துக் குழுமுறை அங்கேயும் கொண்டுவரப்பட்டது. ஆனால் மேலாளர்களை இன்னும் எண்ணிக்கையை வைத்தே அளந்தார்கள். தொழிலாளர் குறைகளைச் சொன்னாலும் உதிரிபாகங்களை அனுப்பும் பிரிவுகளும் வடிவமைப்பாளர்களும் அசைந்து கொடுக்கவில்லை. சங்கமும் இரண்டுபட்டது. 1992இல் அந்த ஆலை மூடப்பட்டது. இரு இடங்களிலும் பயம் இருந்தது. சொன்ன குறைக்குப் பதில் கிடைத்தது ஓரிடத்தில் மட்டுமே.

இரண்டாவது மறுப்பு: இது பண்பாடன்று, உற்பத்தி நுட்பம். இதில் பாதி உண்மை உண்டு. நும்மியின் வெற்றி நுட்பத்தின் வழியாகத்தான் வந்தது. பண்பாடு வேலை முறைக்கு வெளியே மிதக்கும் ஆவியன்று. ஆனால் நுட்பம் மட்டும் போதும் என்றால் அதை விலைக்கு வாங்கியிருக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் 1980களில் ரோபோக்களுக்கும் புதிய ஆலைகளுக்கும் பெரும் பணத்தைச் செலவிட்டும், நும்மியின் சாதாரண இயந்திரங்கள் தந்த தரத்தை எட்ட முடியவில்லை. நும்மியின் ஒவ்வோர் அங்குலத்தையும் படமெடுத்து அப்படியே இன்னோர் ஆலையை அமைக்கும்படி மேலாளர் ஒருவருக்கு உத்தரவிடப்பட்டதாக ஒரு செய்தி இத்துறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. கயிற்றைப் படமெடுக்கலாம், இழுத்தவரிடம் ஓடி வந்தவர் ஏன் ஓடி வந்தார் என்பதைப் படமெடுக்க முடியாது. பண்பாடு நிலையான போட்டி ஆதாயம் தர வேண்டுமானால் அது மதிப்புள்ளதாக, அரியதாக, எளிதில் நகலெடுக்க இயலாததாக இருக்க வேண்டும் என்று ஜே பார்னி 1986இல் சொன்னதன் நடைமுறைப் பொருள் இதுவே.

மூன்றாவது மறுப்பே மிகக் கூர்மையானது. வலுவான பண்பாடு என்பது மென்மையான அடக்குமுறை என்று ஹியூ வில்மாட் 1993இல் எச்சரித்தார். நும்மி போன்ற ஆலைகளை ஆராய்ந்த மைக் பார்க்கரும் ஜேன் ஸ்லாட்டரும் 1988இல், அங்கே நடப்பது அழுத்தத்தின் வழியான மேலாண்மை என்றார்கள். நிமிடத்தின் ஒவ்வொரு நொடியும் வேலையால் நிரப்பப்படுகிறது; தளர்வு என்பதே இல்லை. இதைத் தள்ளிவிட முடியாது. 1993ஆம் ஆண்டின் புதிய மாடல் அறிமுகத்தின்போது தொழிலாளரிடையே உடல் வலியும் காயங்களும் பெருகின. உடலுக்கேற்ற வேலை அமைப்பில் நும்மி அலட்சியம் காட்டியதாகக் கலிபோர்னியா மாநிலத் தொழிலகப் பாதுகாப்புத் துறை நடவடிக்கை எடுத்தது.

இந்நிகழ்வு என் வாதத்தைக் குலைக்கவில்லை; அதன் எல்லையைத் துல்லியமாக்குகிறது. காரின் குறையைச் சொல்ல அங்கே கயிறு இருந்தது. மணிக்கட்டின் வலியைச் சொல்ல அதே வேகத்தில் பதில் தரும் வழி இருக்கவில்லை. எனவே ஒரு வகைக் கெட்ட செய்தி சில நொடிகளில் மேலே போனது. மற்றொரு வகை மாதக்கணக்கில் கீழேயே தங்கி, அரசுத் துறை தலையிட்ட பிறகே மேலே வந்தது. அடுத்த மாடல் அறிமுகத்தின்போது உடல்நலச் சிக்கல்களை முன்கூட்டியே கவனிக்கும் ஏற்பாடுகள் செய்யப்பட்டு நிலைமை சீரானதை ஆட்லரும் அவருடைய சகாக்களும் பதிவுசெய்துள்ளனர். “இது நல்ல பண்பாடா?” என்று பொதுவாகக் கேட்பது பயனற்றது. யாருடைய, எந்த வகைக் கெட்ட செய்தி இங்கே மேலே போகிறது என்று கேட்பதே ஆய்வுக்கு உகந்த கேள்வி.

5. தலையசைப்பும் கைகட்டலும்

நும்மியின் பாடங்களை ஜெனரல் மோட்டார்ஸ் கற்கவே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. அங்கே பயின்ற மேலாளர்கள் பிற ஆலைகளுக்குச் சென்றார்கள். காலப்போக்கில் ஆலைகளின் தரம் உயர்ந்தது. ஆனால் 2014இல் வெடித்த இக்னிஷன் சுவிட்ச் விவகாரம், அந்தப் பாடம் அலுவலக மாடிகளுக்கு ஏறவில்லை என்பதைக் காட்டியது.

செவர்லே கோபால்ட் உள்ளிட்ட சிறிய கார்களில், ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி தன் இடத்திலிருந்து நழுவி இன்ஜின் அணைந்துவிடும் அளவுக்கு சுவிட்ச் தளர்வாக இருந்தது. இன்ஜின் அணைந்தால் ஏர்பேக் விரியாது. இது பல ஆண்டுகளாகப் பொறியாளர்களுக்குத் தெரிந்திருந்தும், வாடிக்கையாளரின் வசதி சார்ந்த குறை என்றே வகைப்படுத்தப்பட்டது. அந்த வகைப்பாட்டில் விழுந்ததும் அதன் அவசரம் போய்விட்டது. பின்னர் சுவிட்சின் உள்பாகம் மாற்றப்பட்டபோதும் பாக எண் மாற்றப்படவில்லை. அதனால் பழைய கார்கள் ஏன் விபத்துக்குள்ளாகின்றன, புதியவை ஏன் தப்புகின்றன என்பது விசாரித்தவர்களுக்கே நெடுங்காலம் பிடிபடவில்லை. முதலில் சுமார் 26 இலட்சம் கார்கள் திரும்பப் பெறப்பட்டன. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது.

நிறுவனத்தின் வேண்டுகோளின்படி விசாரணை நடத்திய வழக்கறிஞர் ஆன்டன் வலுகாஸின் அறிக்கை இரண்டு சைகைகளைப் பதிவுசெய்கிறது. ஒன்று “ஜிஎம் தலையசைப்பு”: கூட்டத்தில் எல்லோரும் ஒரு திட்டத்துக்குத் தலையசைப்பார்கள், அறையை விட்டு வெளியேறியதும் எதையும் செய்யும் எண்ணம் எவருக்கும் இராது. இதை விசாரணையில் விவரித்தவர் தலைமைச் செயல் அலுவலர் மேரி பாராவே. மற்றொன்று “ஜிஎம் சல்யூட்”: கைகளை மார்பின் குறுக்கே கட்டி, இரு பக்கமும் இருப்பவர்களை நோக்கி விரல் நீட்டுவது, பொறுப்பு என்னுடையதன்று, அவர்களுடையது என்பது அதன் பொருள். சைகைக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு ஒரு வழக்கம் ஊறியிருந்தால், அது ஷைன் சொன்ன மூன்றாவது அடுக்கிலிருந்து எழுந்தது என்பதில் ஐயமில்லை.

அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட ஆவணம் இதைவிட வெளிப்படையானது. 2008இல் ஊழியர்களுக்குக் காட்டப்பட்ட பயிற்சிப் படவில்லை ஒன்று, எழுத்தில் தவிர்க்க வேண்டிய 69 சொற்களைப் பட்டியலிட்டது. “குறைபாடு” என்று எழுதாமல், வடிவமைப்பின்படி செயல்படவில்லை என்று எழுத வேண்டும். “பிரச்சினை” என்று எழுதாமல், விவகாரம் அல்லது நிலை என்று எழுத வேண்டும். வழக்குகளில் நிறுவனத்துக்கு எதிராக அச்சொற்கள் பயன்படும் என்ற அச்சம் இதன் பின்னணி. விளைவு அச்சத்தைவிடக் கொடியது. ஆபத்தை ஆபத்து என்று எழுத முடியாத பொறியாளர் மேலே அனுப்பும் அறிக்கையில் ஆபத்தின் சூடு இருப்பதில்லை, படிப்பவரும் அவசரப்படுவதில்லை. சேலஞ்சர் விண்கல விபத்தை ஆராய்ந்த டயான் வான் 1996இல் காட்டியதும் இதைப் போன்றதே: யாரும் விதியை மீற எண்ணவில்லை, விலகல் ஒவ்வொரு கூட்டத்திலும் சற்றுச் சற்றாக இயல்பாகிக்கொண்டே வந்தது.

6. டொயோட்டாவின் சறுக்கல்

பண்பாடு ஒரு முறை சம்பாதித்துவிட்டால் நிரந்தரமாகத் தங்கும் சொத்து அன்று. கயிற்றை உலகுக்குக் கற்றுக்கொடுத்த டொயோட்டாவே இதற்குச் சான்று. 2009–10இல் கார்கள் திடீரென வேகமெடுப்பதாக எழுந்த புகார்களால் இலட்சக்கணக்கான கார்கள் திரும்பப் பெறப்பட்டன. 2010 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நின்ற தலைவர் அகியோ டொயோடா, மனிதரையும் அமைப்பையும் வளர்த்தெடுக்கும் வேகத்தை மிஞ்சி நிறுவனம் வளர்ந்துவிட்டதை ஒப்புக்கொண்டார். பாதுகாப்புக் குறைகள் குறித்து நுகர்வோரைத் தவறாக வழிநடத்தியதற்காக 2014இல் அந்நிறுவனம் 120 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. 2023 டிசம்பரில் அதன் துணை நிறுவனமான டைஹட்சு, பாதுகாப்புச் சோதனைகளில் செய்த முறைகேடுகளால் தன் கார்கள் அனைத்தின் விநியோகத்தையும் நிறுத்தியது. 64 மாடல்கள் இதில் சிக்கின. விசாரித்த குழு சுட்டிய காரணங்களில் முதன்மையானது, தள்ளிப்போட முடியாத குறுகிய கால அட்டவணை.

டைஹட்சுவின் அட்டவணையும் பழைய பிரீமாண்டின் எண்ணிக்கையும் செய்த வேலை ஒன்றே. இரண்டிலும் “முடியவில்லை” என்ற சொல்லுக்கு இடமில்லாமல் போனது. ஒரு நிறுவனத்துக்குள் ஒரே பண்பாடு சீராகப் பரவியிருக்கும் என்ற எண்ணமும் இங்கே உடைகிறது. ஆலைத் தளத்தில் குறையை வரவேற்கும் நிறுவனம், சோதனைக் கூடத்திலும் சட்டப் பிரிவிலும் அதே குறையை மறைக்கலாம். ஜான் காட்டரும் ஜேம்ஸ் ஹெஸ்கெட்டும் 1992இல் கண்டது போல, பண்பாட்டின் வலிமைக்கும் நிறுவனத்தின் நீண்டகாலச் செயல்திறனுக்கும் உள்ள தொடர்பு பலவீனமானதே. மாறும் சூழலுக்கு இணங்கித் தன்னைத் திருத்திக்கொள்ளும் பண்பாடே பயன் தருகிறது.

நும்மியின் முடிவும் இங்கே சேர்த்து எண்ணத்தக்கது. 2009இல் திவாலான ஜெனரல் மோட்டார்ஸ் கூட்டிலிருந்து விலகியது. தனித்து நடத்த டொயோட்டா முன்வரவில்லை. 2010 ஏப்ரல் முதல் நாள் ஆலை மூடப்பட்டது. நல்ல பண்பாடு சந்தையின் சரிவையும் பங்காளியின் கடனையும் ஈடுகட்டிவிடாது. அது மேலாண்மையின் எல்லாக் கேள்விகளுக்கும் விடையன்று. மற்ற விடைகளெல்லாம் எந்தத் தகவலின்மீது எழுப்பப்படுகின்றனவோ, அந்தத் தகவல் உண்மையாக இருக்குமா என்பதை அது தீர்மானிக்கிறது.

7. சென்னை வட்டாரத்துக்கு இதில் உள்ள பங்கு

ஜப்பானியத் தர இயக்கத்தோடு நேரடித் தொடர்பு கொண்ட தொழில் வட்டாரங்களில் சென்னையும் ஒன்று. சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் ஜப்பானின் டெமிங் தரப் பரிசைப் பெற்றது. அப்பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுவே. 2002இல் டிவிஎஸ் மோட்டாரும், தொடர்ந்து ரானே குழும நிறுவனங்களும் அதே பரிசைப் பெற்றன. ஜப்பானியப் பண்பாடு ஜப்பானியருக்கே கைவரும் என்ற கூற்றை பிரீமாண்ட் ஒரு முறை மறுத்தது என்றால், பாடி மற்றொரு முறை மறுத்தது. நாட்டுப் பண்பாடு ஒரு வரம்பு, அது தலைவிதியன்று.

ஆயினும் நம் சூழலுக்கே உரிய தடைகளைப் பெயர் சொல்லிப் பேச வேண்டும். வயதிலும் பதவியிலும் மூத்தவரிடம் “இது தப்பு சார்” என்று நேரே சொல்வது நம் அலுவலகங்களில் மரியாதைக் குறைவாகப் பார்க்கப்படுகிறது. சாதியும் படிப்பும் ஆங்கிலமும் அந்தத் தயக்கத்தை இன்னும் இறுக்குகின்றன. இவற்றைவிடப் பெரிய தடை ஒப்பந்தத் தொழில்முறை. நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே லைனில் அடுத்தடுத்து நிற்கிறார்கள். அடுத்த மாதம் தன்னை அழைப்பார்களா என்பதே தெரியாதவரிடம், லைனை நிறுத்தும் துணிவை எதிர்பார்ப்பது நியாயமன்று. நும்மியில் கயிறும் வேலைப் பாதுகாப்பும் ஒன்றாகவே வந்தன. கயிற்றை மட்டும் இறக்குமதி செய்து பாதுகாப்பை விட்டுவிட்டால், சுவரில் மாட்டிவைத்த விழுமியப் பலகையோடு சேர்ந்து அதுவும் காட்சிப்பொருளாகிவிடும்.

8. மேலாண்மைக்கான முடிவுகள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து நான்கு முடிவுகளை முன்வைக்கிறேன்.

முதலாவதாக, பண்பாட்டை அளக்கக் கருத்துக்கணிப்புப் படிவம் போதாது. அண்மையில் மேலே வந்த ஒரு கெட்ட செய்தியை எடுத்துக்கொண்டு, அதை முதலில் அறிந்தவர் யார், எத்தனை மேசைகளைத் தாண்டி வந்தது, ஒவ்வொரு மேசையிலும் அதன் சொற்கள் எப்படி மாறின, சொன்னவர் இன்று எங்கே இருக்கிறார் என்று பின்தொடர வேண்டும். எந்தப் படிவத்தைவிடவும் இது உண்மையைச் சொல்லும்.

இரண்டாவதாக, குறை குறைவாகப் பதிவாவதை வெற்றியாகக் கொள்ளக் கூடாது. மருத்துவமனைகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன் 1996இல் வெளியிட்ட முடிவு இதைத் தெளிவாக்கியது: நல்ல தலைமை இருந்த பிரிவுகளில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அங்கே பிழைகளைச் சொல்லத் தயக்கம் இல்லை என்பதே அதற்கு அவர் தந்த விளக்கம். ஆண்டுக்கணக்கில் ஒரு குறையும் பதிவாகாத பிரிவைப் பாராட்டுவதற்கு முன் அங்கே நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, பண்பாட்டைத் தீர்மானிக்கும் ஆவணங்கள் விழுமிய அறிக்கையில் இல்லை. அவை ஊக்கத்தொகை விதியிலும், பதவி உயர்வுப் பட்டியலிலும், வேலை ஒப்பந்தத்திலும், திட்ட அட்டவணையிலும் உள்ளன. மனிதவளத் துறையிடம் பண்பாட்டை ஒப்படைத்துவிட்டு இந்த நான்கையும் வேறு அறையில் எழுதும் தலைமை, தான் கட்டுவதைத் தானே இடிக்கிறது.

நான்காவதாக, முதல் எதிர்வினை இடைநிலை மேலாளரிடமிருந்தே வருகிறது. நும்மி தன் குழுத் தலைவர்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்றியது இதனால்தான். தலைமைச் செயல் அலுவலரின் உரையை ஒரு தொழிலாளி ஆண்டுக்கு ஒரு முறை கேட்கலாம். தன் குழுத் தலைவரின் முகத்தைத் தினமும் பார்க்கிறார்.

9. முடிவுரை

நிறுவனப் பண்பாட்டை ஆராய்ந்தவர்கள் அதை நெடுங்காலம் இரண்டு துருவங்களில் வைத்தார்கள். நிர்வாகம் நினைத்தபடி வார்க்கக்கூடிய கருவி என்றார்கள் ஒரு சாரார். யாராலும் கையாள முடியாத கூட்டு வாழ்வு என்றார்கள் மறு சாரார். பிரீமாண்ட் இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் காட்டுகிறது. பண்பாட்டை உத்தரவால் மாற்ற முடியாது. ஆனால் உத்தரவிடும் இடத்தில் இருப்பவர் தன் செயலை மாற்றிக்கொள்ளலாம்; அந்தச் செயலைக் கீழே உள்ளவர்கள் உன்னிப்பாகப் படிக்கிறார்கள்; படித்ததற்கேற்பப் பேசுகிறார்கள் அல்லது மௌனமாகிறார்கள்.

அந்த மௌனத்தின் விலையைப் பங்குதாரர்கள் மட்டும் செலுத்துவதில்லை. கோபால்ட் காரை ஓட்டியவர்கள் செலுத்தினார்கள், தங்களுக்கே தெரியாத கணக்குகளுக்குக் கட்டணம் கட்டிய வங்கி வாடிக்கையாளர்கள் செலுத்தினார்கள், இலக்கை எட்ட முடியாமல் பொய் எழுதிப் பின்னர் வேலையிழந்த ஊழியர்களும் செலுத்தினார்கள். ஆகவே, தவறைச் சொன்னவரைப் பாதுகாப்பது மேலாளரின் பெருந்தன்மையைப் பொறுத்த சலுகையாக இருக்கக் கூடாது. வேலை ஒப்பந்தத்திலும் ஊக்கத்தொகை விதியிலும் எழுதப்பட்ட கடமையாக அது இருக்க வேண்டும். மேலாளரின் பணித்திறனை மதிப்பிடும்போது உற்பத்தி எண்ணிக்கைக்கு இணையாக அதையும் எண்ண வேண்டும். மேலாண்மைக் கல்வி அந்தக் கடமையைத் தன் பாடத்திட்டத்தின் மையத்தில் வைக்கும் நாளில்தான், நிறுவனப் பண்பாடு என்பது சுவரில் மாட்டும் வாசகமாக இல்லாமல் வேலை நடக்கும் முறையாக நம் நிறுவனங்களில் வேரூன்றும்.